மையக்கோடு

அனுராதபுரச் சந்தியில் காலை ஆறரைக்கு
என் கையில் தந்தார்கள்
இரண்டு மீற்றர்க் கம்பு, ஒரு தகரம் சிவப்பு மை,
பொத்தான் இல்லாத மஞ்சள் அங்கி.
விஜேகோன் சேர் ஒரு கண்ணைக் கருவிக்குள் வைத்து
மற்றக் கண்ணால் என்னைத் திட்டினார்.
நேராப் பிடி. சாயுது.
சாய்வது கம்பா நானா என்று
பதினொரு நாளாகியும் பிடிபடவில்லை.

றோட்டு வடக்கே போகிறது.
அதற்கு உலகம் இடப்பக்கம், வலப்பக்கம், அவ்வளவுதான்.
இடது ஏழரை மீற்றர்: ஒரு பாமசியின் படி, பாதி.
வலது ஏழரை: வைரவர் சூலத்தின் நிழல்.
சூலம் தப்பியது.
நிழலுக்கு நட்டஈடு கிடையாது.

உப்புவெளியில் மதில்களில் எண் எழுதினேன்.
எண் எழுதியதும் வீட்டுக்காரர் வெளியே வருவார்.
முதலில் கோபம், பிறகு பிளேன்ரீ,
பிறகு தாழ்ந்த குரலில்,
"தம்பி, ஒரு அடி அங்கால தள்ளேலாதா?"
அங்கால எதிர்வீட்டு மதில்.
அங்கேயும் பிளேன்ரீ தந்தார்கள்.
சீனி கொஞ்சம் கூட.

இந்த ஊர்களுக்கு நல்ல பேர்கள் இருக்கின்றன.
ஆனாலும் சனம் கட்டை சொல்லித்தான் இறங்கும்.
மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை.
கல்லைக் காணவில்லை.
மைலை அரசாங்கம் கைவிட்டு என் வயதாகிறது.
"ஆறாம் கட்டை இறங்குறாக்கள்" என்று கொண்டக்டர் கத்த
ஐந்து பேர் எழும்புகிறார்கள்
இல்லாத கல்லடியில் இறங்க.

அதைத் தாண்டி ஓரிடத்தில்
றோட்டு காரணமில்லாமல் வளைகிறது.
குளமில்லை, கோயிலில்லை, பள்ளிவாசலில்லை.
மணல்வெளி, நாலு வடலி.
சேர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இங்க என்ன இருந்தது?"

மண்மூட்டை இருந்தது. தார்ப் பீப்பா இருந்தது.
'இறங்கி நடக்கவும்' என்ற பலகை,
தமிழில் மட்டும் எழுத்துப் பிழையோடு.
பஸ் வெறுமையாய்ப் போய் அந்தப் பக்கம் நிற்கும்,
நாங்கள் அட்டையை உயர்த்தியபடி நடப்போம்.
லொறிகள் மூட்டைகளைச் சுற்றிச் சுற்றித் தடம் போட்டன.
தடத்தின்மேல் தார் போட்டார்கள்.
பிறகொரு நாள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.
வளைவை விட்டுவிட்டார்கள்.

"தெரியாது சேர். பழைய வளைவு" என்றேன்.
அவர் பென்சிலால் நேராக ஒன்று இழுத்தார்.
எட்டு செக்கன் மிச்சம் என்றார்.

எட்டு செக்கன்.
பதினாறு வயதில் அங்கே நான் நாலு மணித்தியாலம் நின்றேன்
கக்கத்தில் ஒரு கோழியோடு.
கோழியையும் சோதித்தார்கள்.

வளைவின் உட்புறம், கிழிந்த குடையின் கீழ்
றிஸ்மியா கச்சான் வறுக்கிறார், ஒன்பது வருசமாக.
இங்கே எந்த வண்டியும் வேகம் குறைக்கும்.
குறைத்தால் மணம் ஏறும்.
ஏறினால் சிலது நிற்கும்.
பென்சில் கோட்டை எட்டிப் பார்த்துவிட்டு
அகப்பையை நிறுத்தாமல் சொன்னார்:
"நேராக்கினா ஒருத்தரும் நிக்க மாட்டாங்களே."

படிவத்தில் தேடினேன்.
மதிலுக்கு நிரல் உண்டு, கிணற்றுக்கு உண்டு,
காய்க்கும் தென்னைக்கு உண்டு, காய்க்காததற்குப் பாதி.
வேகம் குறைவதற்கு இல்லை.

"இது ஏன் வளைஞ்சது எண்டு தெரியுமோ?"
"தெரியாம? எங்கட மச்சான இங்கதானே எறக்கின."
திரும்பி ஏறினாரா என்று நான் கேட்கவில்லை.
சுருளில் கச்சான் தந்தார்.
நூறு ரூபா வாங்கினார்.

இப்போது வேலை நிலாவெளிக்கு நகர்ந்துவிட்டது.
பின்னேர பஸ்ஸில் திரும்பி வருகிறேன்,
நின்றபடி, தூக்கத்தோடு.
நேற்று வளைவில் பஸ் வேகம் குறைத்தது,
வறுபட்ட மணம் ஜன்னலால் வந்தது,
என் கை என்னைக் கேளாமல்
சட்டைப் பைக்குள் போனது.
பக்கத்து மனிதரின் கையும் அங்கேதான் இருந்தது.
இருவரும் சில்லறை தேடுவது போல் நடித்தோம்.